போட்டோவில் கலரா இருந்த அம்மா

கல்யாண ஆல்பத்தில் அம்மா கலராக இருப்பாள். நேரில் அப்படி இல்லை. எங்கள் ஊர்ப்பக்கம் "பொண்ணு நல்ல கலர்" என்றால் சிவப்பு என்று அர்த்தம். சிவப்பு என்றால் வெளுப்பு என்று அர்த்தம். கருப்பு ஒரு கலராகவே கணக்கில் வராது. அம்மா கருப்பு. பெண் பார்க்க வந்த அன்று அப்பா வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு எழுந்து, தாத்தா இரண்டு பவுன் கூடுதலாகப் போடுவதாகச் சொன்ன பிறகு அடங்கியது என்று சித்தி சொல்வாள். ஆனால் 1987ஆம் வருடம் ஆவணி மாதம் கோவில்பட்டியில் எடுத்த அந்த ஆல்பத்தில், மணவறையில் அப்பாவும் அம்மாவும் ஒரே நிறத்தில் உட்கார்ந்திருப்பார்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் ஆல்பத்தைப் புரட்டும்போது அம்மா எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வாள்: "அது நான் இல்ல. போட்டோக்காரரு பெத்த பொண்ணு." எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

போன வருடம் அம்மா இறந்துபோனாள். முதல் வருடத் திதிக்கு முன்னால் ஒரு பெரிய படம் போட்டுச் சட்டம் மாட்ட வேண்டும் என்றார் அப்பா. அம்மா போட்டோவுக்கு நிற்கவே மாட்டாள். செல்போனில் இருப்பதெல்லாம் பாதி திரும்பிய முகம், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியில் இளைத்த முகம். மிச்சம் கல்யாண ஆல்பம்தான். அதுவும் 38 வருடத்தில் பிளாஸ்டிக் தாளோடு ஒட்டிக்கொண்டு, மொத்தமாகச் செம்மண் நிறத்துக்கு மாறியிருந்தது. பீரோவின் அடித்தட்டில், ரேஷன் கார்டுக்கும் பழைய பாஸ் புத்தகங்களுக்கும் கீழே, பட்டர் பேப்பர் கவருக்குள் நெகட்டிவ்கள் கிடைத்தன. மொத்தம் ஐந்து ரோல். ஓரத்தில் கொஞ்சம் பூஞ்சை, சில கீறல்கள். மற்றபடி நன்றாகவே இருந்தன.

அந்த நெகட்டிவிலிருந்து அம்மாவை வெளியே எடுக்க எனக்கு நான்கு மாத ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. ஒரு படத்தில் "சரியான நிறம்" எது என்பதை யார், எப்போது, எதை வைத்து முடிவு செய்தார்கள் என்கிற வரலாற்றையும் அப்போதுதான் படித்தேன். வேலை ஒரு பக்கம், படிப்பு ஒரு பக்கம் என்று பிரித்து வைக்க முடியவில்லை. ஸ்கேனரில் நான் அழுத்திய ஒவ்வொரு பொத்தானுக்குள்ளும் யாரோ எப்போதோ எடுத்த ஒரு முடிவு உட்கார்ந்திருந்தது.

பாசி படிந்த முகம்

செகண்ட் ஹேண்டில் ஒரு ஃபிளாட்பெட் ஸ்கேனர் வாங்கினேன். அதன் மூடிக்குள்ளும் விளக்கு உண்டு. ஃபிலிமுக்குப் பின்னாலிருந்து ஒளி பாய்ச்சும். தாலி கட்டி முடித்து இருவரும் நிமிர்ந்து பார்க்கும் படம் மூன்றாவது ரோலில் இருந்தது. மென்பொருளில் "கலர் நெகட்டிவ்" என்று தேர்ந்தெடுத்து, ஆட்டோவில் விட்டு, ஸ்கேன் செய்தேன். வந்த படத்தில் அம்மாவின் முகம் குளத்துப் பாசி படிந்ததுபோலப் பச்சை கலந்த சாம்பல். முகூர்த்தப் பட்டு வெயிலில் வெளுத்த செங்கல் நிறம். அதற்கு அடுத்த படம் அதே மணவறை, அதே சேலை, சில நொடிகள் கழித்து எடுத்தது; அதில் முகம் ரோஸ் நிறத்தில் இருந்தது. அதற்கும் அடுத்ததில் மஞ்சள். ஒரே ரோல், ஒரே கேமரா, ஒரே இரவு. மூன்று அம்மாக்கள்.

கையால் திருத்திப் பார்த்தேன். சிவப்பைக் கொஞ்சம் ஏற்றினால் முகம் தேறியது, தலைமுடியில் செம்பட்டை இறங்கியது. முடியைக் கருப்பாக்கினால் நெற்றி மறுபடி பச்சை. அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "இது இல்லம்மா," என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

ஆரஞ்சு எங்கிருந்து வந்தது

கலர் நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது முழுக்க ஆரஞ்சாக இருக்கும். சின்ன வயதில் அதைப் பழசானதால் படிந்த கறை என்றே நினைத்திருந்தேன். கறை இல்லை, வேண்டுமென்றே போட்ட நிறம்.

ஜெர்மானிய வேதியியலாளர் ருடால்ஃப் ஃபிஷர் 1910களின் தொடக்கத்திலேயே கலர் ஃபிலிமின் அடிப்படையைச் சொல்லிவிட்டார். ஃபிலிமைக் கழுவும் ரசாயனம் வெள்ளி உப்போடு வினைபுரிந்து உண்டாகும் பொருள், இன்னொரு மூலக்கூறோடு சேர்ந்து அந்த இடத்திலேயே சாயமாக மாறும். அந்த இன்னொரு மூலக்கூறுக்குக் கப்ளர் என்று பெயர். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்குகள். நீல ஒளியைப் பதியும் அடுக்கில் மஞ்சள் சாயம், பச்சைக்கு மெஜந்தா, சிவப்புக்கு சயான். யோசனை சரிதான், ஆனால் கப்ளர்கள் வைத்த இடத்தில் இருக்காமல் பக்கத்து அடுக்குக்கு ஊறிப் போயின. அதை அடக்க இருபது வருடத்துக்கு மேல் ஆனது. 1935இல் வந்த கோடக்குரோம் அந்தச் சிக்கலையே தவிர்த்துவிட்டு, கப்ளர்களைக் கழுவும்போது சேர்த்தது. 1936இல் அக்ஃபா கப்ளர் மூலக்கூறுக்கு நீண்ட வால் வைத்து அதை அடுக்கிலேயே நிறுத்தியது. கோடக், கப்ளரை நுண்ணிய எண்ணெய்த் துளிகளுக்குள் பூட்டி, 1942இல் கோடகலர் நெகட்டிவைக் கடைக்குக் கொண்டுவந்தது. சாதாரண வீட்டுக்காரர்கள் ஒரு ரோலை எடுத்துக் கொடுத்துவிட்டுக் காகிதத்தில் கலர் படம் வாங்குவது அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஆனால் சாயங்கள் சுத்தமானவை அல்ல. சயான் சாயம் சிவப்பு ஒளியை மட்டும் தடுக்க வேண்டும். அது கொஞ்சம் பச்சையையும் நீலத்தையும் சேர்த்தே தடுக்கும். மெஜந்தா பச்சையைத் தடுக்கிற கையோடு நீலத்திலும் கை வைக்கும். இதனால் படத்தின் நிறங்கள் சேறாகும். கோடக்கின் வெஸ்லி ஹான்சன் 1940களில் இதற்கு ஒரு வழி கண்டார். அழுக்கை நீக்க முடியாதென்றால், அதை எல்லா இடத்திலும் ஒரே அளவாக ஆக்கிவிடலாம். அதற்காகக் கப்ளருக்கே முன்கூட்டி நிறம் கொடுத்தார்கள். மெஜந்தாவாக மாறவேண்டிய கப்ளர் மஞ்சள் நிறம், சயானாக மாறவேண்டியது இளஞ்சிவப்பு. ஒளி பட்ட இடத்தில் கப்ளர் செலவாகிச் சாயம் உண்டாகும். கப்ளரின் நிறம் எவ்வளவு குறைகிறதோ, சாயத்தின் அழுக்கு அவ்வளவு கூடும். கூட்டிக் கழித்தால் ஃபிலிம் முழுக்க ஒரே சீரான தடை. அந்தத் தடையின் நிறம்தான் ஆரஞ்சு. சீரான பிழையைச் சரிசெய்வது சுலபம், அச்சிடும்போது ஒரு வடிகட்டி போட்டால் போதும்.

1972இல் கோடக் சி-41 என்ற கழுவும் முறையைக் கொண்டுவந்தது. 37.8 டிகிரி செல்சியஸ், டெவலப்பரில் மூன்றேகால் நிமிடம். மற்ற நிறுவனங்களும் தங்கள் ஃபிலிமை அதற்கு ஏற்றபடி செய்ய ஆரம்பித்தன. அம்மாவின் கல்யாண ரோல்களை மதுரைக்கு அனுப்பிக் கழுவி வாங்கியதும் அந்த முறையில்தான். இன்றைக்கு மறுபடி ஃபிலிம் கேமரா வாங்கும் நண்பர்கள் கழுவுவதும் அதே முறையில்தான்.

நான் செய்த முதல் தவறு இங்கேதான் பிடிபட்டது. எடிட்டிங் மென்பொருளில் படத்தைத் தலைகீழாக்கிவிட்டு, பிறகு ஆரஞ்சைக் "கழித்து" எடுக்கப் பார்த்தேன். ஃபிலிம் கழித்தல் கணக்கில் வேலை செய்வதில்லை. 1890இலேயே இங்கிலாந்தில் ஹர்ட்டர், டிரிஃபீல்ட் என்ற இருவர் இதை அளந்து காட்டியிருக்கிறார்கள்: ஃபிலிமின் அடர்த்தி, அதன்மேல் பட்ட ஒளியின் மடக்கையைப் பின்பற்றுகிறது. அதாவது ஒளி இரண்டு மடங்கானால் அடர்த்தி ஒரு படி ஏறும். மறுபடி இரண்டு மடங்கானால் மறுபடி ஒரே படி. ஆரஞ்சு ஓர் அடர்த்தி. அது எல்லா இடத்திலும் ஒளியை ஒரே விகிதத்தில் குறைக்கிறது. எனவே அதை நீக்க வகுக்க வேண்டும். கழித்தால் நிழலில் ஒரு நிறம், வெளிச்சத்தில் இன்னொரு நிறம் என்று பிளந்துவிடும். முடியில் செம்பட்டையும் நெற்றியில் பச்சையும் மாறிமாறி வந்ததற்குப் பாதிக் காரணம் என் கணக்கு.

காகிதத்துக்கு எழுதிய கடிதம்

மீதிக் காரணம் வேறு. நெகட்டிவ் நம் கண்ணுக்காகச் செய்யப்பட்டதே இல்லை, ஸ்கேனருக்காகவும் இல்லை. அது கலர் பேப்பருக்காகச் செய்யப்பட்டது. அந்தப் பேப்பரிலும் மூன்று அடுக்குகள் உண்டு. ஒவ்வொன்றும் ஒளியின் ஒரு குறுகிய பட்டையை மட்டும் பார்க்கும். நெகட்டிவின் சாயங்கள் அந்தப் பட்டைகளுக்கு ஏற்றபடி அமைக்கப்பட்டவை. பேப்பர் சீக்கிரம் செறிந்து கருக்கும் என்பதால் நெகட்டிவில் மாறுபாட்டை வேண்டுமென்றே குறைத்து வைத்திருப்பார்கள். காகிதத்துக்கு எழுதிய கடிதத்தை நாம் பிரித்துப் படிக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து தெரியும், தொனி பிடிபடாது.

வீட்டில் டிஜிட்டல் கேமராவும் மேக்ரோ லென்ஸும் வைத்து நெகட்டிவைப் படமெடுப்பவர்களுக்கு இது இன்னும் உறைக்கும். கேமரா சென்சாரின் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் அகலமானவை, ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். ஒரு சாயத்தை அளக்கப்போய்ப் பக்கத்துச் சாயத்தையும் சேர்த்து அளந்துவிடும். பின்னால் வைக்கும் விளக்கு மலிவான வெள்ளை எல்இடி என்றால், அதன் ஒளியில் நீலம் ஓங்கி இருக்கும், அடர் சிவப்பு குறைந்திருக்கும். டேப்லெட் திரையை விளக்காக வைத்தால் திரையின் புள்ளிகளே படத்தில் விழும். நிறம் காட்டும் தரம் 95க்கு மேல் உள்ள விளக்கு பரவாயில்லை. குறுகிய பட்டைகளாகச் சிவப்பு, பச்சை, நீலம் தரும் விளக்குகள் இன்னும் நல்லது, அவை பழைய பேப்பர் பார்த்த விதத்துக்குக் கிட்ட வருகின்றன. என் ஸ்கேனர் நடுத்தரம். நடுத்தரத்தோடு சமாளிக்க முடிந்தது.

உலகத்தைக் கலக்கினால் சாம்பல்

இப்போது ஆட்டோவுக்கு வருவோம். ஆட்டோ ஏன் ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வோர் அம்மாவைக் கொடுத்தது?

காகிதத்தில் அச்சிடும்போது ஒவ்வொரு படத்துக்கும் எவ்வளவு சிவப்பு, எவ்வளவு பச்சை, எவ்வளவு நீல ஒளி விட வேண்டும் என்று யாராவது முடிவு செய்தாக வேண்டும். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் படம் போடும் இடத்தில் ஆள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக யோசிக்க முடியாது. கோடக்கில் வேலை செய்த ரால்ஃப் எவன்ஸ் இதற்கு ஒரு வழி சொன்னார். அதற்கு 1951இல் காப்புரிமை கிடைத்தது. பெரும்பாலான காட்சிகளில் உள்ள எல்லா நிறங்களையும் ஒன்றாகக் கலக்கினால் கிட்டத்தட்ட சாம்பல் வரும் என்பது அவருடைய அனுமானம். ஆகவே நெகட்டிவ் முழுவதன் சராசரி நிறத்தை அளந்து, அது காகிதத்தில் சாம்பலாக விழும்படி ஒளியைத் திருத்தினால் போதும். புல்வெளி, வானம், வீடு, நாலு மனிதர்கள் என்று இருக்கும் படத்தில் இது அற்புதமாக வேலை செய்தது. அச்சு இயந்திரங்கள் பல பதிற்றாண்டுகள் இந்த அடிப்படையில் ஓடின. உங்கள் செல்போனின் வெண்மைச் சமன்பாட்டிலும், ஸ்கேனர் மென்பொருளின் ஆட்டோ பொத்தானிலும் இன்றும் இதன் பிள்ளைகள்தான் குடியிருக்கின்றன.

காட்சியில் ஒரு நிறம் மிஞ்சினால் கணக்கு தப்பும். சிவப்புச் சேலை பாதிப் படத்தை அடைத்தால், சிவப்பு அதிகம் விழுந்துவிட்டது என்று இயந்திரம் நினைக்கும். சாம்பல் ஆக்குவதற்காகச் சிவப்பைக் குறைக்கும். சேலை மங்கும், பக்கத்திலுள்ள முகத்திலிருந்தும் சிவப்பு போய்ப் பச்சை கலந்த நீலம் ஏறும். அடுத்த படத்தில் பின்னால் வாழைமரம் கூடுதலாகத் தெரிந்தால் பச்சையைக் குறைக்கும். முகம் ரோஸ் ஆகும். வீடியோக்காரர் ஹாலஜன் லைட்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தால் இன்னொரு கூத்து. மூன்று அம்மாக்கள் வந்தது இப்படித்தான்.

இப்படித் தப்பிப்போவதற்கு அச்சுத் தொழிலில் ஒரு பெயர் உண்டு: சப்ஜெக்ட் ஃபெயிலியர். படம் எடுக்கப்பட்ட பொருள் தோற்றுப்போனதாம். அந்தச் சொல்லைப் படித்த அன்று ஸ்கேனரை மூடிவிட்டு எழுந்து போனேன். ஒரு தமிழ்க் கல்யாணத்தில் சாம்பல் எங்கே இருக்கிறது? அரக்கும் பச்சையும் மஞ்சளும் குங்குமமும்தான் அங்கே சராசரி. அந்தக் கணக்குப்படி எங்கள் கல்யாணங்கள் எல்லாமே தோற்றுப்போனவை.

ஷெர்லி

சராசரி இருந்தாலும், இயந்திரத்தைத் தினமும் காலையில் எதை வைத்துச் சரிபார்ப்பது என்ற கேள்வி மிஞ்சியது. அமெரிக்காவில் 1954 வரை கோடக் ஃபிலிமின் விலையிலேயே கழுவி அச்சிடும் கூலியும் சேர்ந்திருந்தது. ஏகபோக வழக்கில் அந்த வருடம் ஏற்பட்ட உடன்பாட்டுக்குப் பின் இரண்டையும் பிரிக்க வேண்டியதாயிற்று. வெளி லேப்கள் பெருகின. அவர்களுக்கு ஒரு மாதிரி நெகட்டிவும், அது எப்படி அச்சாக வேண்டும் என்று காட்டும் அட்டையும் போயின. அதில் ஒரு பெண் இருந்தாள். முதலில் நின்றவர் ஷெர்லி என்ற கோடக் ஊழியர். பிறகு வேறு வேறு பெண்கள் வந்தாலும் பெயர் ஷெர்லி அட்டை என்றே நின்றுவிட்டது. எல்லாரும் வெள்ளைக்காரப் பெண்கள். அவள் தோல் சரியாக விழுந்தால் இயந்திரம் சரி.

கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் லோர்னா ராத் 2009இல் இந்த அட்டைகளின் வரலாற்றை விரிவாக எழுதினார். வெள்ளைக் குழந்தையும் கருப்புக் குழந்தையும் ஒன்றாக நிற்கும் பள்ளிக்கூடப் படங்களில் கருப்புக் குழந்தையின் முகத்தில் கண்ணும் பல்லும் மட்டும் தெரிவதாக அமெரிக்கத் தாய்மார்கள் புகார் சொல்லியிருக்கிறார்கள். அப்போது மாற்றம் வரவில்லை. அடர்ந்த மரத்தின் ரேகைகள் பிரிந்து தெரியவில்லை என்று மேஜை நாற்காலி செய்பவர்களும், இரண்டு வகைச் சாக்லெட்டும் ஒன்றுபோலத் தெரிகின்றன என்று சாக்லெட் கம்பெனிக்காரர்களும் முறையிட்ட பிறகே ஃபிலிமில் அடர்நிறங்களைத் திருத்தும் வேலை நகர்ந்தது என்று கோடக்கில் வேலை பார்த்தவர்களே அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். பல நிறப் பெண்கள் சேர்ந்திருக்கும் அட்டை 1990களில்தான் வந்தது.

நம் ஊர்க் கதைக்கு ஷெர்லி மட்டும் காரணம் இல்லை. மதுரையில் அந்தக் காலத்தில் கலர் பிரிண்டர் ஓட்டிய ஒருவரைப் பார்த்துப் பேசினேன், நண்பனின் மாமா. எழுபது தாண்டிவிட்டது, இன்னும் விரல்கள் மேஜைமேல் தட்டச்சு செய்வதுபோல அசைகின்றன. சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்றுக்கும் தனித்தனிச் சாவி, டென்சிட்டிக்கு ஒன்று. இயந்திரம் சொன்ன கணக்கின்மேல் ஆள் கூட்டலாம், குறைக்கலாம். நான் அம்மாவின் பிரிண்டைக் காட்டினேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"கல்யாண ரோல்னா டென்சிட்டிய ரெண்டு கொறச்சிருவோம்மா. மொகம் வெளுத்துரும். பொண்ணு கருப்பா விழுந்தா ஆல்பம் திரும்பி வந்துரும், ஸ்டூடியோக்காரன் எங்கள வைவான். செவப்பா விழுந்துருச்சுன்னு ஒருத்தன் திருப்பி அனுப்புனதில்ல."

"அது தப்புன்னு தோணலையா?" என்று கேட்டேன்.

"பொண்ணு வீட்டுக்காரங்க சந்தோசமா இருந்தாங்களே," என்றார். கொஞ்ச நேரம் பிரிண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "சேலை என்ன கலரு?"

அரக்கு என்றேன். பிரிண்டில் அது தக்காளிச் சிவப்பு. "ஆமா, அதும் சேந்துதான் வெளுக்கும்," என்றார்.

கிளம்பும்போது அவர் சொன்ன இன்னொன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. "நெகட்டிவ்ல எல்லாம் இருக்கும்மா. நாங்க பேப்பர்லதான் வெளுக்க வச்சோம். நெகட்டிவ்ல கை வைக்க முடியாது." உண்மைதான். கலர் நெகட்டிவ் பதியும் வெளிச்ச வீச்சு, பேப்பர் காட்டக்கூடியதைவிட மிக அதிகம். ஃபிளாஷ் பட்டு பிரிண்டில் வெறும் வெள்ளையாகிவிட்ட கன்னம் நெகட்டிவில் முழுதாக இருக்கும்.

தாத்தாவின் நெற்றி

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். யாருக்காவது பயன்படும் என்பதால் வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் எல்லா ஆட்டோவையும் அணைத்தேன். 16 பிட்டில், மென்பொருள் எந்தத் திருத்தமும் செய்யாத ரா ஃபைலாக, நெகட்டிவை நெகட்டிவாகவே ஸ்கேன் செய்தேன். படங்களுக்கு நடுவே ஒளியே படாத வெற்று இடம் இருக்கும். அதையும் ஓரத்தில் சேர்த்தே எடுத்தேன், கலப்படமில்லாத ஆரஞ்சு அங்கேதான் இருக்கிறது. அந்த இடம் செறிந்து வெட்டுப்படாத அளவுக்கு ஒளியளவை வைத்து, ரோல் முழுவதற்கும் அதையே பூட்டினேன். படத்துக்குப் படம் அளவு மாறினால் பிறகு ஒப்பிட வழியில்லை. பின்பு சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக அந்த ஆரஞ்சின் மதிப்பால் வகுத்தேன். எடிட்டிங் மென்பொருளில் தலைகீழாக்கும் முன் அந்த வெற்று ஓரத்தின்மேல் வெண்மைச் சமன்பாட்டை வைத்தாலும் இதே பலன்தான். அதன் பிறகுதான் தலைகீழாக்கினேன்.

அடுத்தது, ரோலுக்குள்ளேயே நடுநிலையான ஒரு பொருளைத் தேடுவது. உலகத்தின் சராசரியை நம்புவதற்குப் பதில், இந்தக் கல்யாணத்தில் உண்மையிலேயே நிறமற்றிருந்த ஏதாவது ஒன்று வேண்டும். முதலில் வேட்டியைத்தான் எடுத்தேன். அதை வெள்ளையாக்கினால் எல்லாரும் மஞ்சளாயினர். கொஞ்ச நேரம் கழித்து உறைத்தது: சொட்டு நீலம். அந்தக் காலத்து வெள்ளை வேட்டி நீலம் போட்ட வேட்டி. அதை வெள்ளை என்று சொன்னால் மென்பொருள் நீலத்தைக் குறைத்துவிடும். எவர்சில்வர் குடம் பக்கத்துச் சேலையை எல்லாம் பிரதிபலித்தது. சுவர் வெளிர்பச்சை.

ஐந்தாவது ரோலில், தாத்தா மட்டும் பந்திக்குப் பக்கத்தில் ஃபிளாஷ் வெளிச்சத்தில் நிற்கும் ஒரு படம் இருந்தது. நெற்றியில் மூன்று பட்டையாக உலர்ந்த திருநீறு. சாம்பல்! போட்டோக்காரர்கள் காசு கொடுத்து வாங்கும் சாம்பல் அட்டையை அவர் தினமும் காலையில் குளித்ததும் இட்டுக்கொண்டிருந்தார். திருநீற்றை வெளிச்சப் புள்ளியாகவும், மைக்செட்காரரின் கருப்பு ஸ்பீக்கர் பெட்டியை நிழல் புள்ளியாகவும் வைத்து, மூன்று நிறங்களின் வளைகோட்டையும் தனித்தனியாகத் திருத்தினேன். இரண்டு முனையையும் பார்க்க வேண்டும். மூன்று சாயங்களும் வருடங்களில் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. அதனால் ஒரே ஒரு புள்ளியைச் சரிசெய்தால் மறுமுனை வழுக்கிப்போகும். (கலர் சாயங்கள் மங்குவது பெரிய சினிமாக்காரர்களையும் விட்டதில்லை. மார்ட்டின் ஸ்கோர்செஸி 1980இல் இதை எதிர்த்து ஓர் இயக்கமே நடத்தினார்.)

அந்தத் திருத்தத்தை அப்படியே மூன்றாவது ரோலுக்குக் கொண்டுபோனேன். ஐந்தும் ஒரே வகை ஃபிலிம்; ஒன்றாகத்தான் கழுவப்போனவை. அங்கும் கூட்டத்தில் நிற்கும் தாத்தாவின் நெற்றியில் சரிபார்த்தபோது சின்ன வித்தியாசம்தான் இருந்தது. பிறகு ரோல் முழுவதற்கும் ஒரே திருத்தம். படத்துக்குப் படம் தொடவில்லை. முகத்தை மட்டும் தனியாகத் தொடவே இல்லை. முகம் எப்படி இருக்க வேண்டும் என்று நான் நினைப்பதை வைத்துத் திருத்தினால், நானும் மதுரைப் பிரிண்டர்காரரும் ஒன்றுதான். திசை மட்டும் வேறு.

கடைசியில் ஒரு சோதனை மிச்சம் இருந்தது. அப்பா பீரோவிலிருந்து முகூர்த்தப் பட்டை எடுத்துக் கொடுத்தார். ஜரிகை கருத்திருந்தது. மடிப்பின் உள்பக்கம் மட்டும் வெளிச்சம் படாமல் அப்படியே இருந்தது. அதைச் சன்னலோரம் விரித்துவிட்டு, திரையைப் பார்த்தோம். அரக்கு. மாம்பழ மஞ்சள் பார்டர். ஃபிலிம் பார்ப்பதும் கண் பார்ப்பதும் நூற்றுக்கு நூறு ஒன்றாக இராது, ஆனால் இரண்டும் ஒரே சேலை என்று யாரும் சொல்வார்கள்.

முகம் அதுவாகவே வந்திருந்தது. அம்மா கருப்பாக இருந்தாள். நெற்றியும் கன்னமும் மின்னின. நான் அது ஃபிளாஷின் பளபளப்பு என்று நினைத்தேன். அப்பா நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வேர்த்திருக்கு பாரு," என்றார்.

பெரிதாக்கிப் பார்த்தேன். மேலுதட்டிலும், நெற்றிச்சுட்டிக்குக் கீழேயும் துளித்துளியாக வேர்வை. பிரிண்டில் அந்த இடமெல்லாம் வெறும் வெளுப்பு.

"வீடியோ லைட்டு சூடு. மெதுவா துண்டு கேட்டா. எல்லாரும் பாக்குறாங்கன்னு நான் குடுக்கல."

அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தப் படத்தையே போடலாம் என்று தலையாட்டிவிட்டு, சேலையை மடிக்க ஆரம்பித்தார்.

திதிக்கு நான்கு நாள் முன்னால் படத்தைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு பிரிண்ட் கடைக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்த பையனுக்கு இருபது வயது இருக்கும். படத்தைத் திரையில் திறந்தான். நிமிஷத்தில் மவுஸ் ஒரு மூலைக்குப் போய்விட்டது.

"கொஞ்சம் பிரைட் பண்ணிரட்டுமாக்கா?"

வேண்டாம் என்றேன்.